காசில்டனில் ஒரு நாள்: மலையா, குகையா, அணையா?

நான் இங்கிலாந்தில் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியை ஒட்டிய ஷெஃபீல்டில் குடியிருப்பதால், மே மாதம் பிறந்ததுமே லண்டன், ரெடிங், லெஸ்டர் பக்கத்துச் சொந்தக்காரர்களிடமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். "ஒரு சனிக்கிழமை கிடைச்சிருக்கு, பீக் டிஸ்ட்ரிக்ட் வர்றோம், எங்கெங்க போகலாம்?" கேட்கும்போதே கையில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். காலையில் மாம் டோர், பதினொரு மணிக்கு ஒரு குகை, மத்தியானம் லேடிபவர் அணை, மூன்று மணிக்கு சாட்ஸ்வொர்த் மாளிகை, திரும்பும் வழியில் பேக்வெல்லில் புட்டிங். இப்படிப் போனவர்கள் பார்த்தது பெரும்பாலும் கார் நிறுத்துமிடங்களைத்தான். அதனால் நான் சொல்வது இதுதான்: காசில்டன் என்ற ஒரே ஊரில் இறங்குங்கள், அங்கிருந்து காலால் போகக்கூடிய இடங்களில் ஒன்றோ இரண்டோ பாருங்கள், மற்றதை அடுத்த தடவைக்கு வையுங்கள். எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் காசில்டன்? டெர்பிஷயரில் ஹோப் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடியில் இருக்கிற சின்ன ஊர் அது. சாம்பல் கல் வீடுகள், நடுவில் சலசலவென்று ஓடுகிற ஒரு ஓடை, ஒரு பழைய தேவாலயம், நான்கைந்து பப், தேநீர்க் கடைகள். அரை மணி நேரத்தில் ஊரைச் சுற்றிவிடலாம். ஆனால் நிலம் மாறுகிற இடம் இது. ஊருக்குத் தெற்கே முழுக்கச் சுண்ணாம்புக்கல். வடக்கே களிப்பாறையும் மணற்கல்லும். சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைத்துக்கொண்டே போகும் என்பதால் தெற்குப் பக்கம் குகைகளும் செங்குத்தான பிளவுகளும். வடக்குப் பக்கம் காற்று வாங்குகிற நீண்ட மலை முகடுகள். தெற்குப் பக்கத்தை வெள்ளை பீக் என்றும் வடக்குப் பக்கத்தை இருண்ட பீக் என்றும் சொல்வார்கள். 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இந்த பீக் டிஸ்ட்ரிக்ட். அதன் இரண்டு முகங்களையும் ஒரே தெருவில் நின்று பார்க்க முடிகிற ஊர் காசில்டன். மலையா குகையா என்ற கேள்வியே இந்த நிலத்திலிருந்து வருவதுதான்.

எனக்கு ஒரே நாள்தான் என்றால் யோசிக்கவே மாட்டேன், மலைதான். அதுவும் காரில் போய் மேலே நிறுத்திவிட்டு ஏறுவது இல்லை. ஷெஃபீல்டிலிருந்தோ மான்செஸ்டரிலிருந்தோ ஹோப் பள்ளத்தாக்கு ரயிலில் ஏறி ஈடேல் என்ற குட்டி ஸ்டேஷனில் இறங்கி, மலையைத் தாண்டி அந்தப் பக்கம் காசில்டனுக்கு இறங்குவது. ஷெஃபீல்டிலிருந்து அரை மணி நேரம், மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி நேரம். ஷெஃபீல்டிலிருந்து வந்தால் ரயில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளமான டாட்லி சுரங்கத்தில் நுழைந்து கும்மிருட்டில் போய்க்கொண்டே இருக்கும். வெளியே வரும்போது நகரம் போய்விட்டிருக்கும், ஜன்னல் முழுக்கப் பச்சை. எங்கள் சின்னவன் அந்தச் சுரங்கத்துக்காகவே இந்த ரயிலில் வர ஆசைப்படுவான்.

ஈடேலில் இறங்கினால் எதிரே ஒரு நீளமான முகடு தெரியும். அதில் தாழ்வாக இருக்கிற இடம் ஹாலின்ஸ் கிராஸ். அங்கேதான் ஏற வேண்டும். ஈடேலில் தேவாலயம் கட்டப்படுவதற்கு முன்னால், இறந்தவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த மலையைத் தாண்டித்தான் காசில்டனில் அடக்கம் செய்தார்கள். அதனால் சவப்பெட்டிப் பாதை என்றே இதற்குப் பெயர். பின்னால் ஈடேலில் பஞ்சாலை வந்தபோது, காசில்டனிலிருந்து வேலைக்குப் போனவர்களும் இதே வழியாகத்தான் நடந்தார்கள். மூச்சு வாங்கி நிற்கிற ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும். நான் ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஏறுகிற மேட்டை அவர்கள் குளிர்கால இருட்டில் தினமும் ஏறியிருக்கிறார்கள்.

மெதுவாக ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் முகட்டுக்கு வந்துவிடலாம். வந்ததும் வலது பக்கம் திரும்பினால் மாம் டோர், 517 மீட்டர். இடது பக்கம் போனால் பேக் டோர், அப்புறம் லோஸ் ஹில். முதல் தடவை வருகிறவர்கள் மாம் டோருக்கே போங்கள். பாதைக்குப் பட்டைக் கல் பாவியிருக்கிறார்கள், வழி தவற வாய்ப்பே இல்லை. உச்சியைச் சுற்றி மேடும் அகழியுமாகத் தெரிகிறதே, அது மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் கட்டிய மலைக்கோட்டையின் மிச்சம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் ஈடேல் பள்ளத்தாக்கும் அதற்குப் பின்னால் கிண்டர் மேட்டுநிலமும், மறுபக்கம் காசில்டனும் ஹோப்பும். ஹோப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியும் கண்ணில் படும். படம் எடுக்கிறவர்கள் அதை ஒதுக்கித்தான் எடுப்பார்கள். எனக்கு அது உறுத்துவதில்லை. இந்த மலைகளில் ஆயிரக்கணக்கான வருடமாக ஈயமும் கல்லும் வெட்டியிருக்கிறார்கள், இது உழைப்பு நடந்துகொண்டே இருக்கிற பூமி.

இறங்கும்போதுதான் இந்த நடையிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் வரும். மாம் டோரின் கிழக்கு முகம் அப்படியே பிய்த்து எடுத்தது மாதிரி இருக்கும். மணற்கல்லுக்கு அடியில் உதிரியான களிப்பாறை இருப்பதால் நாலாயிரம் வருடமாக இந்த மலை சரிந்துகொண்டே இருக்கிறது. நடுங்கும் மலை என்று பட்டப்பெயரே உண்டு. இந்தச் சரிவுக்குக் குறுக்கேதான் ஷெஃபீல்டு–மான்செஸ்டர் நெடுஞ்சாலையைப் போட்டார்கள். போடுவார்கள், சரியும், மறுபடி போடுவார்கள், மறுபடி சரியும். கடைசியில் 1979-இல் போதும் என்று மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்தச் சாலையில் நடந்து போகலாம். தார் ஆளுயரத்துக்கு உடைந்து தொங்குகிறது. உடைந்த விளிம்பில் குனிந்து பாருங்கள்: தார், ஜல்லி, மறுபடி தார், மறுபடி ஜல்லி என்று அடை மாதிரி அடுக்கடுக்காகத் தெரியும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு தடவை செய்த பழுது. நடுவில் போட்ட வெள்ளைக் கோடு ஒரு துண்டில் நேராக வந்து, அடுத்த துண்டில் இரண்டடி கீழே இறங்கி விலகிப் போகும். குழந்தைகளுக்கு நிலச்சரிவு என்றால் என்ன என்று பாடமே நடத்த வேண்டாம். விளிம்புகளில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாலையின் அடிவாரத்தில் ஓடின் என்ற பழைய ஈயச் சுரங்கத்தின் மிச்சம் இருக்கிறது. தாது நொறுக்குகிற வட்டப்பாதையும் அதில் உருண்ட பெரிய கல் சக்கரமும் புல்லுக்கு நடுவில் அப்படியே கிடக்கின்றன. செக்கு மாதிரிதான். குதிரை இழுக்கச் சக்கரம் சுற்றும். அங்கிருந்து ஊருக்கு நடந்தால் சீக்கிரம் வந்துவிடலாம். மொத்தமாக, உட்கார்ந்து சாப்பிடுகிற நேரத்தையும் சேர்த்து, நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போவோம். ஹாலின்ஸ் கிராஸில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து சாப்பிட்டால் அதன் ருசியே வேறு.

ஏற முடியாதவர்கள் உடன் வந்தால்? மாம் டோருக்கு மேற்கே மாம் நிக் என்ற இடத்தில் கார் நிறுத்தலாம், அங்கிருந்து உச்சிக்குக் கல் படிகள் இருக்கின்றன, இருபது நிமிடம். ஊரிலிருந்து வந்த என் மாமாவை, எழுபத்திரண்டு வயது, அப்படித்தான் கூட்டிப்போனேன். மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினார். ஆனால் இந்தச் சவுகரியத்தை எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். வெயில் அடிக்கிற வார இறுதியில் ஒன்பதரைக்குள் போகாவிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம். ஒரு தடவை மே மாத விடுமுறைத் திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் போய், வின்னட்ஸ் கணவாயில் வண்டிகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நின்றோம். அதோடு விடுமுறை நாளில் காரில் போவதை விட்டுவிட்டேன்.

வின்னட்ஸ் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாம் டோர் சாலை மூடியதிலிருந்து மேற்கே போகிற கார்களெல்லாம் இந்த ஒற்றைப் பிளவு வழியாகத்தான் ஏறுகின்றன. இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் செங்குத்தாக நிற்கும், நடுவில் ஐந்தடிக்கு ஓரடிக்கு மேல் ஏறுகிற ஏற்றம். காற்று வாசல் என்பதிலிருந்து வந்த பெயர், காற்று அடிக்கிற அன்றைக்குப் பொருள் புரியும். பார்க்க வேண்டிய இடம், ஆனால் காருக்குள் இருந்தால் முன்னால் போகிற வண்டியின் பின்புறம்தான் தெரியும். ஊரிலிருந்து நடந்து அதன் வாய்வரைக்கும் போய்ப் பாருங்கள், ஓரப் புல்லில் பாதி ஏறி இறங்குங்கள், போதும்.

இப்போது குகைகள். மழை கொட்டினாலோ, மூடுபனி முகட்டை மூடினாலோ, யோசிக்காமல் குகைக்கு மாறிவிடுங்கள். உள்ளே எந்தப் பருவத்திலும் ஏறக்குறைய ஒரே குளிர், பத்து டிகிரிக்குப் பக்கம், ஆகஸ்ட் மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். நான்கு குகைகள் இருக்கின்றன, நான்கையும் பார்க்கத் தேவையே இல்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்களுக்கு எதில் ஆசை என்பதைப் பொறுத்தது.

ஊருக்குள்ளேயே, ஓடையை ஒட்டி நடந்தால் வருவது பீக் குகை. பிரிட்டனிலேயே மிகப் பெரிய இயற்கைக் குகைவாய் இதுதான். அந்த வாய்க்குள் நானூறு வருடம்போலக் கயிறு திரிப்பவர்கள் குடும்பம் குடும்பமாக வீடு கட்டிக் குடியிருந்தார்கள். ஈயச் சுரங்கங்களுக்கு வேண்டிய கயிறு இங்கேதான் திரிக்கப்பட்டது. மேலே அண்ணாந்து பார்த்தால் கூரை கருகியிருக்கும். அவர்கள் அடுப்புப் புகை. இந்தக் குகைக்கு உள்ளூரில் பிசாசின் பின்புறம் என்று கொச்சையான பழைய பெயர் உண்டு. 1880-இல் விக்டோரியா ராணி கச்சேரி கேட்க வந்தபோது மரியாதைக்காகப் பீக் குகை என்று மாற்றியதாகச் சொல்கிறார்கள். படிகள் குறைவு என்பதால் வயதானவர்களுக்கு நான்கில் இதுவே தோது.

வின்னட்ஸ் வாயிலில் இருக்கிற ஸ்பீட்வெல், படகில் போகிற குகை. 1770-களில் ஈயம் தேடி வெட்டிய சுரங்கம், உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறது. நூறு படிக்கு மேல் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு படகில் போக வேண்டும். இடுக்கமான இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்த்துவிடுங்கள், பாதியில் திரும்ப வழி இல்லை. படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டும், ட்ரீக் கிளிஃப், ப்ளூ ஜான், மலைச்சரிவில் மேலே இருக்கின்றன. ப்ளூ ஜான் என்ற கல், ஊதாவும் மஞ்சளும் வெள்ளையுமாக வரிவரியாக ஓடுகிற ஒருவகைப் படிகம், இந்தக் குன்றில்தான் எடுக்கிறார்கள். ட்ரீக் கிளிஃபில் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுகிறார்கள். ஊர்க் கடைகளில் மோதிரமும் தொங்கட்டானுமாக விற்பார்கள், விலை அதிகம். வாங்காவிட்டாலும், மெலிதாகக் கடைந்த ஒரு கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேராகக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உள்ளே விளக்கு ஏற்றியது மாதிரி ஊதா நிறம் விரியும். இரண்டில் ஒன்று என்றால் நான் ட்ரீக் கிளிஃபையே சொல்வேன். கல்லும் இருக்கிறது, 1926-இல் சுரங்கத் தொழிலாளிகள் உடைத்துக்கொண்டு போனபோது தட்டுப்பட்ட சுண்ணாம்பு விழுதுகளும் இருக்கின்றன. ப்ளூ ஜான் குகை இன்னும் ஆழம், அழகும் அதிகம், ஆனால் இறங்கிய இருநூற்றுச் சொச்சம் படியையும் திரும்ப ஏற வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களை அங்கே கூட்டிப்போகாதீர்கள்.

ஊருக்கு நேர் மேலே நிற்கிற பெவரில் கோட்டையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நார்மன் படையெடுப்பு நடந்த கொஞ்ச காலத்திலேயே வில்லியம் பெவரில் கட்டியது. இப்போது நிற்கிற சதுரக் கோபுரம் இரண்டாம் ஹென்றி 1170-களில் எழுப்பியது. உள்ளே பார்க்க அதிகம் இல்லை. வளைந்து வளைந்து ஏறுகிற பாதை செங்குத்து, ஆனால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், மேலே போனால் மாம் டோர் முகடு முழுசாக எதிரே நிற்கும். மலை நடைக்கு நேரமோ தெம்போ இல்லாதவர்களுக்கு இது நல்ல மாற்று. பீக் குகையும் பெவரிலும் சேர்த்தால் அரை நாள், காரே தொட வேண்டாம்.

சரி, அணை. காசில்டனிலிருந்து காரில் இருபது நிமிடம்போல. டெர்வென்ட் பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து மூன்று நீர்த்தேக்கங்கள்: ஹௌடன், டெர்வென்ட், லேடிபவர். முதல் இரண்டும் 1910-களில் கட்டி முடிந்தவை, லேடிபவர் 1945-இல் நிறைந்தது. லேடிபவருக்காக டெர்வென்ட், ஆஷப்டன் என்ற இரண்டு ஊர்களை மூழ்கடித்தார்கள். டெர்வென்ட் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் சில வருடம் தண்ணீருக்கு மேல் நின்றது, 1947 டிசம்பரில் அதையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2018, 2022 மாதிரிக் கடுமையான வறட்சியில் வீடுகளின் அடிக்கற்கள் மேலே வந்தன. 1943-இல் ஜெர்மனியின் அணைகளை உடைக்கப் போன பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆம் படைப்பிரிவு தாழப் பறந்து பழகியது டெர்வென்ட் அணைக்கு மேலேதான். லேடிபவரில் மிகுநீர் வடிய இரண்டு வட்டத் துளைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 24 மீட்டர் அகலம். மழைக்காலத்துக்குப் பிறகு ஏரி நிறைந்த நாளில் தண்ணீர் வட்டமாக உள்ளே இறங்குவதைப் பார்த்தால் வயிறு ஒரு நிமிடம் கலங்கும்.

மலையோடு ஒப்பிட்டால் அணைக்கு ஒரு பெரிய வசதி, கரையோரப் பாதை பல இடங்களில் சமதளம். தள்ளுவண்டிக் குழந்தை இருக்கிறதா, சைக்கிள் ஓட்டப் பழகுகிற பிள்ளைகள் இருக்கிறார்களா, சக்கர நாற்காலியில் யாராவது வருகிறார்களா, அப்படியென்றால் அன்றைக்கு அணைதான், மாம் டோரை மறந்துவிடுங்கள். டெர்வென்ட் அணைக்குப் பக்கத்தில் ஃபேர்ஹோம்ஸ் என்ற இடத்தில் கழிப்பறையும் டீயும் உண்டு. ஆனால் கோடையில் ஏரியில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். மேலே வெயில் அடித்தாலும் அடியில் தண்ணீர் உறைகிற குளிர், இறங்கவும் அனுமதி இல்லை. நீச்சல்தான் ஆசை என்றால் அதே ரயில் பாதையில் ஹாதர்சேஜில் இறங்குங்கள், 1930-களில் கட்டிய திறந்தவெளி நீச்சல் குளம், வெந்நீர், படுத்துக்கொண்டே மலையைப் பார்க்கலாம்.

நன்றாக நடக்கிற இளவட்டங்களுக்கு வேறொரு பதில். ஈடேலில் இறங்கி, காசில்டன் பக்கம் போகாமல் வடக்கே கிண்டர் ஸ்கௌட் ஏறுங்கள். 636 மீட்டர், இந்தப் பூங்காவிலேயே உயரம். 431 கிலோமீட்டர் ஓடி ஸ்காட்லாந்தில் முடிகிற பென்னைன் வே பாதை ஈடேலில்தான் தொடங்குகிறது. இந்த மேட்டில் நடக்கிற உரிமை சும்மா கிடைக்கவில்லை. வேட்டைக்காகப் பணக்காரர்கள் அடைத்து வைத்திருந்த நிலம் இது. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டு பக்கமிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள், முன்னால் போன பென்னி ராத்மனுக்கு வயது இருபது, அவரையும் சேர்த்து ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதே ஏப்ரல் 24-இல்தான், 1965-இல், பென்னைன் வேயைத் திறந்து வைத்தார்கள். அங்கே ஏறும்போதெல்லாம் அவர்களுக்கு நன்றி சொல்லிக்கொள்வேன். ஆனால் மேலே முழுக்கக் கரிச்சதுப்பு, மூடுபனி வந்தால் திசை போய்விடும். வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவராவது கூட இல்லாவிட்டால் போகாதீர்கள், சின்னக் குழந்தைகளோடு வேண்டவே வேண்டாம்.

ஈம் என்ற ஊரை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள் (எழுத்தைப் பார்த்து ஏயம் என்று படித்தால் பஸ் டிரைவருக்குப் புரியாது). 1665-இல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு கொள்ளைநோய் வந்து இறங்கியபோது, பாதிரியார் வில்லியம் மொம்பெசன் சொல்லைக் கேட்டு, பக்கத்து ஊர்களுக்குப் பரவக் கூடாது என்று தங்களையே அடைத்துக்கொண்ட ஊர். 260 பேர் செத்துப்போனார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற பெண், புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் எட்டு நாளைக்குள் தன் கையாலேயே புதைத்தாள். அந்தக் கல்லறைகள் ஊருக்கு வெளியே ஒரு வயலில் வட்டச் சுவருக்குள் இருக்கின்றன. எல்லைக் கல்லில் குழி வெட்டி, வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டுச் சாப்பாடு வாங்கினார்கள். விரலை அந்தக் குழியில் வைத்துப் பார்க்கலாம். இதைச் சுற்றுலாவின் நடுவில் ஒரு மணி நேரத்துக்குச் செருகாதீர்கள். தனியாக ஒரு நாள் வைத்துக்கொண்டு போங்கள், அந்த ஊருக்கு அவ்வளவு மரியாதை செய்ய வேண்டும்.

சாட்ஸ்வொர்த்தும் அப்படியே, தனி நாள். அதற்கு ஆகிற டிக்கெட் செலவுக்கு முழு நாளும் அங்கேயே இருந்தால்தான் கட்டுப்படியாகும். முகட்டு நடைக்கு ரயில் டிக்கெட்டைத் தவிர ஒரு காசு வேண்டாம்.

ஆக நான் போனில் கேட்கிற கேள்விகள் இவ்வளவுதான்: யார் யார் வருகிறீர்கள், எல்லோர் முழங்காலும் எப்படி, அன்றைக்கு வானிலை என்ன. வெயிலும் நல்ல காலும் இருந்தால் ஈடேலிலிருந்து முகடு, இறங்கி வந்து நேரம் மிச்சம் இருந்தால் பீக் குகை. மழை என்றால் பீக் குகையும் ட்ரீக் கிளிஃபும், நடுவில் சூடான சூப். பெரியவர்கள் வந்தால் காலையிலேயே மாம் நிக், பிறகு ஊரில் டீ. கைக்குழந்தை என்றால் அணை. திரும்பும்போது ஒரு விஷயம்: காசில்டனில் ரயில் ஸ்டேஷன் கிடையாது. மூன்று கிலோமீட்டர் தள்ளி ஹோப்பில்தான் ஏற வேண்டும், இல்லையென்றால் ஷெஃபீல்டுக்கு 272 பஸ். டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் இரண்டு மணிக்கு மேல் முகட்டில் இருக்காதீர்கள். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம், அவசரமே இல்லை.

தேதி உங்கள் கையில் என்றால் மே 29-ஐப் பாருங்கள். அன்று சாயங்காலம் காசில்டனில் பூமாலைத் திருவிழா. இடுப்புவரைக்கும் பூக்கூடு மூடிய ஒருவர் ராஜாவாகக் குதிரையில் வருவார், பின்னால் பேண்டு, வெள்ளை உடுத்திய பள்ளிப் பெண்கள் ஆடிக்கொண்டே வருவார்கள், ஒவ்வொரு பப் வாசலிலும் ஊர்வலம் நிற்கும். கடைசியில் அந்தப் பூக்கூட்டைக் கயிற்றில் கட்டித் தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்கு இழுப்பார்கள், உச்சியில் மட்டும் இருந்த சின்னப் பூச்செண்டை ராஜா போர் நினைவுச் சின்னத்தில் வைப்பார். ஒரு வாரம் கழித்துப் போனாலும் கோபுரத்தின் மேல் அந்தப் பூக்கூடு காய்ந்து தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.